டீச்சரிடம் கேளுங்கள்: தண்ணீர் வந்ததே, பிறகென்ன தப்பு?

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் நம் பக்கத்துச் சேகரங்கள் (ஒரு போதகரின் கீழ் வரும் சபைகள்) சிலவற்றில் யாத்திராகமமும் எண்ணாகமமும் வேதபாடமாக நடந்திருக்கும் போல. இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி, மோசேயின் தலைமையில் எகிப்தைவிட்டுப் புறப்பட்ட இஸ்ரவேலர் கானானுக்குப் போகிற வழியில் அலைந்த வனாந்தரத்தைப் பற்றித்தான். ஐந்தை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: கன்மலையோடு பேசச் சொன்னார் கர்த்தர், மோசே அடித்தார். தண்ணீர் வந்தது, ஜனங்களும் மிருகங்களும் குடித்தார்கள். இதற்குப் போய் கானானுக்குள் நுழையக்கூடாது என்பது ரொம்பக் கடுமை இல்லையா டீச்சர்?
– ஒரு வாசகி, சாத்தான்குளம்

எனக்கும் மோசேமேல் இரக்கம்தான் அம்மா. எண்ணாகமம் 20-ஐ முதல் வசனத்திலிருந்து வாசியுங்கள். மிரியாம் காதேசில் இறந்து அடக்கம்பண்ணப்படுகிறாள். அக்காவைப் புதைத்த கையோடு தண்ணீர்ச் சண்டை. யாராய் இருந்தாலும் வாய் தடித்துத்தான் போகும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பல வருஷத்துக்கு முன்னால் ரெவிதீமில் கன்மலையை அடிக்கச் சொன்னதும் இதே கர்த்தர்தான் (யாத்திராகமம் 17). அப்போது அடித்தார், தண்ணீர் வந்தது. காதேசில் சொன்னது வேறு, கையோ பழைய பழக்கத்தில் போனது. ‘போன வருஷமும் இப்படித்தான் செய்தோம்’ என்று நம் கமிட்டிகளில் சொல்கிறோமே, அதுதான் இது. அன்றைக்குத் தண்ணீர் வந்தது ஜனங்களுக்குத் தாகம் என்பதால். மோசே செய்தது சரி என்பதற்கு அது சான்றிதழ் ஆகாது.

பண்டிகைக்குக் கூட்டம் வந்தது, காணிக்கை ஏறியது, மைக் செட் சத்தம் நாலு தெருவுக்குக் கேட்டது. ஆகவே கர்த்தர் பிரியமாயிருக்கிறார் என்று நாமும் எழுதிவிடுகிறோம். அதே ஆலயத்தில் சபைத் தேர்தலில் முறைத்துக்கொண்ட இரண்டு குடும்பங்கள் இருக்கும். நற்கருணைக்கு அவர்கள் முதல் பந்தியில் போகிறார்களா என்று கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு இவர்கள் இரண்டாம் பந்திக்கு எழுவார்கள். நான் உட்காரும் பெஞ்சிலிருந்து இது நன்றாகத் தெரியும். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5-ல் இருப்பதை யாரும் மறந்து போகவில்லை. பாட்டுச் சத்தத்தில் அமுங்கிப் போகிறது, அவ்வளவுதான்.

காலை ஆராதனையில் பாடுகிற 95-ஆம் சங்கீதம் ‘கெம்பீரமாய்ப் பாடி’ என்றுதான் தொடங்குகிறது. முடிகிற இடம், தண்ணீருக்காக வனாந்தரத்தில் கர்த்தரைச் சோதித்தவர்களின் கதை. கெம்பீரமாகத் தொடங்குகிற நாம் அந்த இடம் வரும்போது ராகத்தை விரட்டி முடித்துவிடுகிறோம்.

கேள்வி: எங்கள் ஆலயத்துக்குப் புதுக் கோபுரம் எழுப்புகிறோம். பணம் முடை. சங்கக் காணிக்கை பாக்கி வைத்திருப்பவர்கள் பெயரை ஆராதனை முடிவில் வாசிக்கலாம் என்று கமிட்டியில் ஒரு யோசனை. வனாந்தரத்தில் ஆராதனைக்காகச் செய்த ஆசரிப்புக் கூடாரத்துக்கு இஸ்ரவேலர் கொடுத்ததை ஆதாரமாகச் சொல்லலாமா?
– கமிட்டி உறுப்பினர், நாசரேத் பக்கம்

சொல்லலாம் ஐயா, முழுவதையும் வாசித்துவிட்டுச் சொல்லுங்கள். எல்லார்மேலும் விழுந்த அரைச்சேக்கல் வெள்ளி ஒன்று உண்டு. அதில் ஐசுவரியவான் கூட்டிக் கொடுக்கவும் தரித்திரன் குறைத்துக் கொடுக்கவும் கூடாது. மற்றதெல்லாம் மனதார வந்தது. பெண்கள் நூல் நூற்றுக் கொண்டுவந்தார்கள். யார் பெயரையும் வாசித்ததாக இல்லை.

அப்புறம் யாத்திராகமம் 36. வேலைக்காரர் மோசேயிடம் வந்து, ஜனங்கள் தேவைக்கு அதிகமாகக் கொண்டுவருகிறார்கள் என்கிறார்கள். இனி கொண்டுவர வேண்டாம் என்று பாளயமெங்கும் அறிவிப்பு போகிறது. என் வயதுக்கு எந்தக் கட்டடக் கமிட்டியும் ‘போதும்’ என்று அறிவித்து நான் கேட்டதில்லை.

இன்னொன்று, கொடுப்பதை மட்டும் வைத்துப் பக்தியை அளக்க முடியாது. இதே ஜனங்கள் நாலு அதிகாரத்துக்கு முன்னால் காதிலிருந்த பொன்னைக் கழற்றி, கும்பிடுவதற்குப் பொன் கன்றுக்குட்டி செய்யக் கொடுத்தவர்கள். மோசேயின் அண்ணன் ஆரோன் அன்றைக்குக் கூறின அறிவிப்பும் ‘நாளைக்குக் கர்த்தருக்குப் பண்டிகை’ என்றுதான். பெயர், பண்டிகை, பலி எல்லாம் இருந்தது. மலைமேல் போன மோசே திரும்பி வரும்வரை காத்திருக்கிற பொறுமைதான் இல்லை.

ஆகவே அவசரம் வேண்டாம். மிஷனரி கால்டுவெல் காலத்தில் இடையன்குடி ஆலயம் கட்டி முடிய 33 வருஷம் ஆயிற்று, 1880-ல்தான் பிரதிஷ்டை. பீடி சுற்றிப் பிழைக்கிற ஒரு விதவை, தன் பெயர் மைக்கில் வருமோ என்று பயந்து ஆராதனைக்கு வராமல் போனால், அந்தக் கோபுரம் 10 அடி குறைந்தாலும் பரவாயில்லை. பாக்கிப் பட்டியலை வாசிக்காதீர்கள்.

கேள்வி: என் அப்பா பனையேறி. சீசனில் ஞாயிற்றுக்கிழமையும் ஏறுவார். ஓய்வுநாளில் விறகு பொறுக்கினவனைக் கல்லெறிந்து கொன்றார்களே, அப்பா செய்வது பாவமா?
– 9-ஆம் வகுப்பு மாணவன், உடன்குடி

இல்லை தம்பி, பயப்படாதே. பாளையைச் சீவாமல் ஒரு நாள் விட்டால் வெட்டுவாய் காய்ந்து பதநீர் குறைந்துபோகும் என்று என்னைவிட உனக்குத் தெரியும். இறக்கின பதநீரையும் அன்றைக்கே காய்ச்சியாக வேண்டும். ஓய்வுநாளில் கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கிவிடமாட்டீர்களா என்று இயேசுவே கேட்டார் (லூக்கா 14). பனையையும் அந்தக் கணக்கில் சேர்க்கலாம்.

விறகு பொறுக்கினவன் விஷயம் வேறு. ஓய்வுநாளுக்கு முந்தின ஆறாம் நாளில், வானத்திலிருந்து வந்த மன்னா என்ற ஆகாரம் ஆளுக்கு இரண்டு ஓமர், அதாவது இரண்டு மடங்கு, கிடைத்தது; மற்ற நாளில் மீதி வைத்தால் புழு பிடித்தது, அன்றைக்கு மட்டும் பிடிக்கவில்லை. ஓய்ந்திரு என்று சொன்னவர் அதற்கு வேண்டியதைக் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார். முந்தின நாளே பொறுக்கியிருக்கக்கூடிய விறகு அது.

நீ ஒன்று செய். அந்தக் கட்டளையில் மகன், மகள், வேலைக்காரர், மிருகம் வரை எல்லாருக்கும் ஓய்வு எழுதியிருக்கிறது. ஞாயிறு காலை அப்பா இறக்கிவந்ததும் காய்ச்சுகிற அடுப்புக்கு நீ ஓலை தள்ளு; அம்மா குளித்து ஆராதனைக்குப் போகட்டும். அடுத்த வாரம் நீ போ, அம்மா பார்த்துக்கொள்வார்கள்.

(ஞாயிறன்றும் கடையைத் திறந்து பையன்களை நிறுத்திவிட்டு முன் வரிசையில் வந்து உட்காருகிற முதலாளிமார் எனக்கு இந்தக் கேள்வியை எழுதுவதே இல்லை.)

கேள்வி: மகனுக்குத் துபாயில் வேலை என்று ஒரு ஏஜெண்ட் சொல்கிறார். போகலாமா வேண்டாமா என்று உபவாசித்து ஜெபிக்கிறோம். இஸ்ரவேலருக்கு வழிகாட்டின மேகஸ்தம்பம் இப்போது இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!
– ஒரு தாய், வள்ளியூர்

மேகம் இருந்த காலத்திலும் அது அவ்வளவு சுலபமாக இல்லை அம்மா. இரண்டு நாளானாலும் ஒரு மாதமானாலும் ஒரு வருஷமானாலும் மேகம் தங்கியிருந்தால் அவர்களும் தங்கினார்கள் என்று எண்ணாகமம் 9 சொல்கிறது. ஒரு வருஷம்! நாம் மேகம் கிளம்பத்தான் ஜெபிக்கிறோம். நின்றுவிட்டால் பிசாசின் தடை என்கிறோம். காதேசில், கானானுக்குள் போ என்றபோது இஸ்ரவேலர் போகவில்லை, போகாதே என்ற பிறகு வீம்புக்கு மலையேறி ஓர்மாவரை அடிபட்டு ஓடினார்கள்.

எண்ணாகமம் 10-ஐயும் பாருங்கள். மேகம் முன்னே போகும்போதே மோசே தன் மாமனார் வீட்டு ஓபாபைக் கெஞ்சுகிறார்: பாளயம் இறங்குகிற இடம் உமக்குத் தெரியும், எங்களை விட்டுப் போகவேண்டாம் என்று. ஆகவே உபவாசத்தோடு, அந்தக் கம்பெனியில் வேலை செய்யும் நம்மூர்ப் பையன் யாராவது இருந்தால் அவனிடம் கேளுங்கள். ஏஜெண்ட் மத்திய அரசிடம் பதிவு செய்தவரா என்று பாருங்கள். அது தெரிகிறவரை நகையை அடகு வைக்காதீர்கள்.

கேள்வி: எண்ணாகமம் 33-ல் இஸ்ரவேலர் பாளயமிறங்கின இடங்களின் வெறும் பெயர்கள். அதையும் வாசிக்கத்தான் வேண்டுமா?
– ஒரு வாசகர், மெஞ்ஞானபுரம்

வேண்டும். ஆனால் ஒரே மூச்சில் வேண்டாம். ஏலிமில் 12 நீரூற்றும் 70 பேரீச்சமரமும் இருந்ததை எண்ணி எழுதியிருக்கிறார்கள். சில வசனம் தள்ளி ரெவிதீமில் குடிக்கத் தண்ணீர் இல்லை என்று ஒரு வரி. கன்றுக்குட்டி செய்த சீனாய்க்கும், இறைச்சிக்கு இச்சித்துச் செத்தவர்களைப் புதைத்த கிப்ரோத் அத்தாவாவுக்கும் பெயரோடு சரி, என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கிடையாது. ஏன் என்று எனக்குத் தோன்றுவதை அடுத்த மாதம் சொல்கிறேன். அதற்குள் நீங்கள் வாசித்துவிட்டு எழுதுங்கள்.