சேலத்திலிருந்து சென்னைக்கு விமானத்தில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் ஆகும்?

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். காமலாபுரத்தில் இருக்கும் நம் விமான நிலையத்திலிருந்து மீனம்பாக்கம் நேர்கோட்டில் சுமார் 265 கிலோமீட்டர். சாலையில் போனால் 340 வரும். டிக்கெட்டில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்று போட்டிருக்கும். விசிறி வைத்த ஏடிஆர் விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் போகுமே, அப்படியென்றால் அரை மணிதானே என்று கேட்காதீர்கள். ஓடுதளத்தில் ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, சென்னையில் இறங்க முறைக்குக் காத்திருப்பது எல்லாம் சேர்ந்துதான் அந்த ஒரு மணி.

நீங்கள் சேலம் டவுனில் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அங்கிருந்து காமலாபுரம் 20 கிலோமீட்டர், கவலையில்லை. நான் ஏற்காட்டுக்காரன். காக்கை பறந்தால் என் வீட்டுக்கும் விமான நிலையத்துக்கும் 16 கிலோமீட்டர்கூட இருக்காது. காரில் போனால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, ஊரைச் சுற்றி, 40க்கு மேல் ஆகிவிடுகிறது.

கொழுந்தியாள் மகளுக்கு வில்லிவாக்கத்தில் நிச்சயதார்த்தம். "ஒரு மணி நேரத்துல வந்துடுவேன்" என்று போனில் பெருமையடித்துவிட்டேன். சூரமங்கலத்தில் இருக்கும் மச்சான் காலை வந்தே பாரத்தில் கிளம்பினார். நான் வீட்டைப் பூட்டியது ஒன்பதரைக்கு. வில்லிவாக்கத்தில் செருப்பைக் கழற்றியது மூன்றேகாலுக்கு. மச்சான் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, ஒரு தூக்கமும் போட்டு எழுந்திருந்தார். "என்ன மாப்ள, பிளேன் பஞ்சரா?" என்றார்.

உடனே சேலத்துக்கு விமானம் எதற்கு என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள், நான் அதைச் சொல்லவில்லை. சர்வீஸ் வருவதும் நிற்பதுமாக இருந்து, 2023 அக்டோபரில் திரும்ப வந்தபோது சந்தோஷப்பட்டவன் நான். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் ஒன்றேகால் மணி நேரமாக நான் வளைந்து வளைந்து இறங்கிய மலை ஜன்னலுக்குள் மொத்தமாக அடங்கியிருந்தது. அதைப் பார்க்கவே இன்னொரு தடவை டிக்கெட் எடுப்பேன்.

அந்த ஒன்றேகால் மணியில் இருபது நிமிடம் போனது ஒரே வளைவில்தான். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவன் வழி விடணும், சரி, ஓரமாக நின்றேன். மேலே வந்த சுற்றுலா வேன் வளைவிலேயே நின்றுவிட்டது. குரங்குக்கு பிஸ்கட் போடுகிறார்களாம். பின்னால் பஸ், அதன் பின்னால் பத்து கார். ஹாரன் அடித்தால் எனக்குத்தான் பொறுமை இல்லையாம். அந்தக் குரங்கு பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு வந்து என் பானட்டின் மேல் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பிரித்துத் தின்றது.