உருகாத ஜெல்லி, உறைக்காத பன்னி சௌ: டர்பன் அம்மாக்களின் கிறிஸ்துமஸ் கேள்விகள்

குழந்தைகள் காப்பகம் (க்ரெஷ்) ஒன்றில் 16 வருடம் சின்னப் பிள்ளைகளுக்குச் சமைத்தவள் என்பதால் டிசம்பர் பிறந்ததும் பிள்ளைகளின் கிறிஸ்துமஸ் பார்ட்டி பற்றி என்னைத் தேடிக் கேள்விகள் வரும். அட்டைப்படத்தில் பனி கொட்டுகிறது, தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நமக்கோ டிசம்பர் கோடை, முதுகெல்லாம் வியர்வை. பாதிக் கேள்வி இந்த வெயிலால்தான்.

அக்கா, போன வருடம் ஹாலுக்கு ஜெல்லி எடுத்துப்போனேன். பிள்ளைகள் பாடி முடிப்பதற்குள் தண்ணீராகிவிட்டது. எங்கே தப்பு? – சாட்ஸ்வொர்த்

தப்பு உங்கள்மேல் இல்லை, டர்பன்மேல். பாக்கெட் ஜெல்லியில் பெரும்பாலும் ஜெலட்டின்தான். அது கைச்சூட்டிலேயே இளகும், தகரக் கூரை ஹாலில் என்ன பாடுபடும்! கடல்பாசிக்கு மாறுங்கள், சைனா கிராஸ் என்பதும் அதுதான். ஒருமுறை உறைந்தால் 85 டிகிரி சூடு பட்டால்தான் திரும்ப உருகும்.

அரை லிட்டருக்கு 4 கிராம் பொடி. பாதி அளவு தண்ணீரில் பொடியையும் சர்க்கரையையும் போட்டு 3 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிடுங்கள். கரண்டியின் முதுகில் மணல் மாதிரி எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. அடுப்பை அணைத்த பிறகே மீதி அளவுக்கு ஜூஸ் ஊற்றுங்கள். புளிப்போடு சேர்த்துக் கொதித்தால் பிடிப்பு போய்விடும். ஜூஸும் ஃப்ரிட்ஜிலிருந்து அப்படியே எடுத்ததாக இருந்தால் அங்கங்கே கட்டி தட்டும். மேசைமேல் வைத்தாலே உறைந்துவிடும்.

இன்னொரு லாபம், ஹ்லூலுவே அன்னாசியைப் பச்சையாகவே போடலாம். நான் ஒரு வருடம் அதை ஜெலட்டினில் போட்டுவிட்டு ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜைத் திறந்து திறந்து பார்த்தேன். காலையில் சூப்தான் இருந்தது. அன்னாசியில் இருக்கும் புரோமெலைன் புரதத்தைச் சிதைத்துவிடும். ஜெலட்டின் புரதம், கடல்பாசி அப்படியில்லை. டின் அன்னாசி ஏற்கெனவே சூடுபட்டது, அதை எதில் போட்டாலும் சரி.

ஒன்று மட்டும் கவனம். கடல்பாசி வாயில் கரையாது. 3 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு முள்கரண்டியால் மசித்துக் கொடுங்கள்.

என் மகனுக்கு 4 வயது. குடைந்த ரொட்டியில் குழம்பு நிரப்பும் பன்னி சௌ இல்லாமல் பார்ட்டியா என்கிறான். மற்றப் பிள்ளைகளுக்கு உறைக்குமே? – ஃபீனிக்ஸ்

பையன் சொல்வது நியாயம்தானே! உள்ளங்கை அளவு பன் வாங்குங்கள். தலையைச் சீவி, அடியும் ஓரமும் விரல் கனம் இருக்கும்படி உள்ளே தோண்டி எடுங்கள். காலிப் பன்னை ஓவனில் 5 நிமிடம் காயவைத்தால் குழம்பு ஊறிச் சட்டையில் ஒழுகாது. எடுத்த ரொட்டியைக் கட்லெட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே உருளைக்கிழங்கும் சுகர் பீன்ஸ் பயறும். வெங்காயம், தக்காளி, மஞ்சள், கொஞ்சம் தனியாத்தூள் போதும். விக்டோரியா தெரு சந்தையில் மாமியார் பெயர் சொல்லி விற்கிறார்களே, அந்தக் கார மசாலா டப்பாவை அன்றைக்குத் திறக்கவே வேண்டாம். பெரியவர்களுக்கு வேண்டுமானால் மிளகாயைத் தனியே தாளித்து மேலே ஊற்றிக்கொள்ளட்டும். பீன்ஸை விரலால் அழுத்தினால் மசிகிற பதத்துக்கு வேகவையுங்கள். குழம்பு கெட்டியாகவும் வெதுவெதுப்பாகவும் இருக்கட்டும். பிள்ளைகள் உட்கார்ந்த பிறகு நிரப்புங்கள்.

ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை வருகிறார்கள். மேசையில் எதை வைக்கக் கூடாது? – டோங்காட்

முதலில் லிச்சி. டிசம்பரில் சாலையோரமெல்லாம் அதுதான், வாங்காமல் வர மனசு வராது. ஆனால் வழுக்கும் பழம், வழுக்கும் கொட்டை, இரண்டும் சின்னத் தொண்டையை அடைக்கிற அளவு. முழுசாகக் கிண்ணத்தில் வைக்காதீர்கள். உரித்து, கொட்டை எடுத்து, நறுக்கிக் கொடுங்கள். திராட்சையை நெடுக்குவாட்டில் நான்காகக் கீறுங்கள். குறுக்கே வெட்டினால் வட்டமாகவே இருக்கும், அதில் பயனில்லை.

குச்சியில் குத்திய வியன்னா சாசேஜுக்கும் இதே விதி, நீளவாட்டில் கீறுங்கள். குச்சியே வேண்டாம். வியன்னாவை ஆவி பறக்கச் சூடாக்கி, பிறகு ஆறவைத்துக் கொடுங்கள். 2017-18-இல் போலனி என்கிற சாசேஜால் பரவிய லிஸ்டீரியா கிருமி நாடு முழுக்க 200-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது மறந்துவிடவில்லையே? அதில் பச்சைக் குழந்தைகளும் இருந்தார்கள். வந்திருக்கும் அம்மாக்களில் யாராவது மாசமாக இருந்தால் அவர்களுக்கும் இது பொருந்தும்.

பாப்கார்ன், முழுக் கச்சான் (நிலக்கடலை), முழு முந்திரி, கடின மிட்டாய், மார்ஷ்மெல்லோ எல்லாம் பெரிய அண்ணன் அக்காமார் மேசைக்கு. ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேன் தொட்டுக்கூட வைக்காதீர்கள், ஆயா எவ்வளவு சொன்னாலும் சரி. கச்சான் ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருக்கிறதா என்று அழைக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

மாமியார் விரதம், முட்டைகூடக் கூடாது. பக்கத்து வீட்டில் முஸ்லிம் பிள்ளைகள். ஒரே கேக்கில் எல்லாரையும் சமாளிக்க முடியுமா? – பீட்டர்மாரிட்ஸ்பர்க்

முடியும், மாஸ் என்கிற புளித்த பால் இருக்கிறதே! ஒரு கப் மாஸில் முக்கால் கப் சர்க்கரையைக் கரைத்து, அரை டீஸ்பூன் சமையல் சோடா, ஒன்றேகால் டீஸ்பூன் பேக்கிங் பவுடர் போட்டு 5 நிமிடம் விடுங்கள். நுரைத்து எழும்பும். அரைக் கப் எண்ணெய், வெனிலா, ஒன்றரைக் கப் மைதா சேர்த்து, கட்டியில்லாமல் கலந்தவுடன் நிறுத்துங்கள். சின்னக் கிண்ணங்களில் ஊற்றி 180 டிகிரியில் 20 நிமிடம்.

மாட்டிக்கொள்வது அலங்காரத்தில்தான். மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்கும், அது மாடாகவும் இருக்கலாம் பன்றியாகவும் இருக்கலாம். சிவப்பு மிட்டாய் சிலவற்றில் ஈ120 என்று போட்டிருப்பது பூச்சியிலிருந்து எடுத்த சாயம். உலர்ந்த தேங்காய்த் துருவலைத் தூவுங்கள். பனி மாதிரியும் ஆச்சு, மாமியாரும் சாப்பிடுவார்.

ஹாலில் ஃப்ரிட்ஜ் இல்லை. காலையிலேயே பிரியாணி செய்து வைக்கலாமா? – ஸ்டாங்கர்

வேண்டாம். சமைத்த சோறு, கறி, க்ரீம் எதுவும் வெளியே 2 மணி நேரத்துக்குமேல் இருக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். கெட்டுப்போன சோறு மணத்தில் தெரியாது. சமோசா, மாஸ் கேக், கடல்பாசி என்று வைத்துக்கொள்ளுங்கள், சமோசாவுக்குள் கறி மட்டும் வேண்டாம்.

12 பிள்ளைகள், 3 முதல் 5 வயது. எவ்வளவு செய்வது? – சாட்ஸ்வொர்த்

நீங்கள் நினைத்ததில் பாதி. ஆளுக்கு ஒரு குட்டிப் பன்னி சௌ, ஒரு சமோசா, ஒரு கேக், கொஞ்சம் பழம். கூல்டிரிங் பாட்டிலைக் கடைசி வரை கண்ணில் காட்டாதீர்கள், அதைக் குடித்தால் வேறெதுவும் இறங்காது. மீதியை, பிள்ளைகளை அழைத்துப்போக வரும் அப்பாமார் பார்த்துக்கொள்வார்கள்.