பதில்: அம்மா படிச்ச திருகோணமலை மிஷன் பள்ளிக்கூடம், ஒரு படமாவது கிடைக்குமா?

வணக்கம் அக்கா, 50களில உங்கட அம்மா படிச்ச அந்தக் கடற்கரைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் இப்ப இல்ல, ஒரு படம்கூட இல்லையெண்டு எழுதியிருந்தீங்க, வாசிக்கவே மனசு கஷ்டமாப் போச்சு. அம்மாவுக்கு 80 தாண்டிட்டுது எண்டா முதல்ல அவட்ட இருந்து தொடங்குங்கோ, போனில ரெக்கோட் பண்ணிக்கொண்டு கூடப் படிச்சாக்கள், டீச்சர்மார் பேரெல்லாம் கேளுங்கோ, படத்தை விட அதுதான் அவசரம்.

மிஷன் பள்ளிக்கூடங்கள அரசாங்கம் பொறுப்பெடுத்தது 1960, 61ல, அதால அதுக்கு முந்தின பேப்பர் ஏதும் மிஞ்சியிருந்தா மிஷன் பக்கம் இருக்கக்கூடும், சேர்ச்சில கேளுங்கோ. மூடினாப் பிறகு பிள்ளையள் போய்ச் சேர்ந்த பக்கத்துப் பள்ளிக்கூடத்துச் சேர்விடாப்பில, அதாவது பிள்ளையளச் சேர்க்கேக்க எழுதுற பதிவுப் புத்தகத்தில, முந்திப் படிச்ச பள்ளிக்கூடத்தின்ர பேர் பதிஞ்சிருக்கும், ஆரிட்டயாவது பழைய விடுகைப் பத்திரம் (பள்ளிக்கூடத்தால விலகேக்க குடுக்கிறது) இருந்தாலும் பாருங்கோ.

படத்துக்கு நான் நம்புறது கல்வெட்டுகளத்தான், கல்லில வெட்டுறதில்ல, செத்தவைக்கு அடிக்கிற நினைவுப் புத்தகம். 31ம் நாளுக்கு அடிக்கிற நினைவு மலரில செத்தவையின்ர பள்ளிக்கூடக் காலம், சிலநேரம் குரூப் போட்டோவும் இருக்கும். நூலகம் எண்ட இணையத்தளத்தில (noolaham.org) இப்பிடி நிறைய மலர் ஸ்கேன் பண்ணிக் கிடக்கு, ஊர்ப் பேர் போட்டுத் தேடுங்கோ, கனடா லண்டனில இருக்கிற சொந்தக்காரரிட்டயும் அல்பத்தக் கேளுங்கோ.

படம் கிடைச்சா கண்ணாடியில ஒட்டியிருந்தா மட்டும் இழுக்காதீங்கோ. எங்கட அம்மம்மான்ர படத்தில முகம் அப்பிடித்தான் உரிஞ்சு போச்சு. ஃபிரேமோட, நிழலில வச்சு போனில எடுங்கோ. பின்பக்கம் தெரிஞ்சா அதையும் எடுங்கோ, ஸ்டூடியோ சீல் இருக்கலாம்.