ராக்கா, ஜாஸா?

கேள்வி: என் மகன் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் (கீழ் ஸ்தாயியில் ஒலிக்கும் கிட்டார்) வாசிக்கிறான். ராக் என்றால் அவனுக்கு உயிர். மாஸ்டரோ ஜாஸும் பழகு என்கிறார். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று ஆகிவிடாதா சார்?
– வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: ஆகாது அம்மா. மாஸ்டர் சொல்வதைக் கேட்கச் சொல்லுங்கள். ஜாஸ் என்பது நம் மனோதர்மம் போல, மேடையிலேயே கற்பனை செய்து வாசிக்கிற இசை.

ஜாக் புரூஸ் என்று ஒரு பேஸ் கிட்டார் கலைஞர் இருந்தார், 1943ல் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். கிளாஸ்கோ இசைக் கல்லூரியில் செல்லோ (பெரிய வயலின் மாதிரி இருக்கும்) படித்துக்கொண்டே ஜாஸ் குழுக்களில் அதைவிடப் பெரிய டபுள் பேஸ் வாசித்தார். கல்லூரிக்கு அது பிடிக்கவில்லை, ஜாஸை விடு என்றார்கள், அவர் கல்லூரியை விட்டுவிட்டார். 1966ல் கிட்டார் வாசிக்கும் எரிக் கிளாப்டன், டிரம்ஸ் வாசிக்கும் ஜிஞ்சர் பேக்கருடன் 'கிரீம்' என்ற ராக் குழு. மொத்தமே மூன்று பேர். கிளாப்டன் தனி ஆவர்த்தனத்தில் இறங்கிவிட்டால் பாட்டைத் தாங்க வேறு ஆள் கிடையாது, அதனால் புரூஸின் பேஸ் டும் டும் என்று ஒரே இடத்தில் நிற்காமல் கிட்டாருக்குப் பதில் சொல்லிக்கொண்டே போகும், பெரும்பாலான பாட்டுகளைப் பாடியதும் அவர்தான். ஜாஸில் பழகிய கை அம்மா அது!

வழக்கமான பேஸில் கம்பி நீளம் 34 அங்குலம். புரூஸ் அப்போது வாசித்த கிப்ஸன் ஈபி-3 என்ற பேஸில் 30.5தான், கம்பியின் இழுவிசை குறைவு, வீணையில் கம்பியை இழுத்துக் கமகம் பிடிப்பது போல விரலால் தள்ளி வளைக்கலாம். உங்கள் பையனை அவன் பேஸில் செய்து பார்க்கச் சொல்லுங்கள், தடித்த கம்பி லேசில் அசையாது, விரல் நுனி எரியும்.

1968ல் கிரீம் கலைந்தது. அந்தப் புகழை வைத்தே காலம் தள்ளியிருக்கலாம், ஆனால் 1970ல் ஜாஸ் டிரம்ஸ் மேதை டோனி வில்லியம்ஸின் 'லைஃப்டைம்' என்ற ஜாஸ்-ராக் குழுவுக்குப் போனார். அங்கே கிட்டார் ஜான் மெக்லாலின், பிற்பாடு நம் விக்கு விநாயக்ராமோடு 'சக்தி' குழுவில் வாசித்தாரே, அவரேதான். 2003ல் புரூஸுக்குக் கல்லீரல் மாற்று அறுவைசிகிச்சை, பிழைத்ததே பெரிய விஷயம். 2005ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் மறுபடியும் கிரீமோடு மேடையேறினார். 2014ல் காலமானார்.

அப்புறம் ஒன்று. மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் பக்கம் கச்சேரி என்றால் இளையராஜா பாட்டு இல்லாமல் இருக்காது. அந்தப் பாட்டுகளில் பேஸ் தனியாக ஒரு மெட்டுப் போட்டுக்கொண்டு போகும். அதில் ஒன்றை எடுத்து, பேஸ் பகுதியை மட்டும் வாயால் பாடிவிட்டு அப்புறம் வாசிக்கச் சொல்லுங்கள். மாஸ்டர் எதற்காக ஜாஸ் என்கிறார் என்று பையனே உங்களுக்கு விளக்குவான்.