அலுவலகத்தில் கிடைத்த பரிசு ஏமாற்றம் தந்தால் என்ன செய்வது?

கேள்வி: பல மாதம் ராப்பகலாக உழைத்து ஒரு வேலையை முடித்தேன். பரிசாக ஒரு சான்றிதழும் சின்னதாக ஒரு பொருளும் கொடுத்தார்கள். மனசே ஒப்பவில்லை. வீட்டில் சொன்னால் "கிடைத்ததற்குச் சந்தோஷப்படு" என்கிறார்கள். நான் ஏமாற்றம் அடைந்தது தவறா? திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்:

தவறே இல்லை. பரிசு வாங்கியவர் முகம் கொஞ்சம் வாடினால் போதும், தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று கேட்க நாலு பேர் வந்துவிடுவார்கள். கேட்கட்டும். அலுவலகம் கொடுப்பது தானம் இல்லையே. நாம் செய்த ஒரு வேலையைச் சுட்டிக்காட்டி, "இதற்காக" என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்த "இதற்காக" சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற உரிமை வாங்குகிறவருக்கு உண்டு. எனக்குத் தெரிந்தவரை, ஏமாற்றம் பொருளின் விலையால் வருவது குறைவு. பெரும்பாலும் அந்த ஒரு சொல்லில்தான் கோளாறு.

என் கதையைச் சொல்கிறேன். நான் ஒரு நிறுவனத்தின் பில்லிங் பிரிவில் வேலை செய்கிறேன். பழைய மென்பொருளை நிறுத்திவிட்டுப் புதியதற்கு மாறினோம். மாறிய சில நாட்களிலேயே புகார்கள் குவிய ஆரம்பித்தன. பணம் கட்டியவர்களுக்கு "பாக்கி இருக்கிறது" என்று கடிதம் போகிறது. கட்டாதவர்களுக்கோ கெடு இன்னும் முடியவில்லை என்று திரை காட்டுகிறது. எல்லோரும் உட்கார்ந்து ஒவ்வொரு கணக்காகத் திறந்து கையால் திருத்திக்கொண்டிருந்தோம். இன்று திருத்தினால் நாளைக்கு வேறு இடத்தில் கிளம்பும்.

காரணம் தேதிதான். பழைய மென்பொருளில் நாள் முதலில், மாதம் அடுத்து. புதியது மாதத்தை முதலில் எதிர்பார்த்தது. 13-ஆம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரை உள்ள பதிவுகளை அது ஏற்கவே இல்லை, பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று கிடையாதே. சிவப்பில் பிழை காட்டியதால் அவற்றை அன்றைக்கே சரிசெய்துவிட்டார்கள். வில்லங்கமெல்லாம் 1 முதல் 12 வரை உள்ள தேதிகளில். மார்ச் 5 சத்தமில்லாமல் மே 3 ஆகிவிடும். மே 3 என்பதும் ஒழுங்கான தேதிதான் என்பதால் எந்த எச்சரிக்கையும் வராது. ஏப்ரல் 4 மாதிரி நாளும் மாதமும் ஒரே எண்ணாக இருந்தவை மட்டும் தப்பித்தன. அதனால் சில கணக்குகள் சரியாக இருந்து எங்களை இன்னும் குழப்பின.

புகார்களை வாடிக்கையாளர் பெயர்வாரியாகப் பார்ப்பதை விட்டுவிட்டு, பணம் கட்டிய தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தேன். பன்னிரண்டாம் தேதிக்கு மேல் ஒரு புகார்கூட இல்லை. அவ்வளவுதான், விஷயம் புரிந்துவிட்டது. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் திருத்த ஒரு சின்ன நிரல் எழுதினார்கள். அதற்குப் பிறகு அந்தப் புகார் வரவே இல்லை.

மாதக் கூட்டத்தில் என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். எனக்குள்ளே சந்தோஷம்தான், மறைப்பானேன். மேனேஜர் மைக்கைப் பிடித்து, "எத்தனை மணியானாலும் இருக்கையை விட்டு எழாத அர்ப்பணிப்புக்காக" என்று வாசித்தார். கைதட்டினார்கள். அந்தத் தேதி விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சான்றிதழைக் கையில் வாங்கிப் பார்த்தால், மேலே பெரிய எழுத்தில் என் பெயர், கீழே பத்திக்குள் போன மாதம் வாங்கியவரின் பெயர். பழைய கோப்பைத் திறந்து மேல்வரியை மட்டும் மாற்றி அச்சடித்திருக்கிறார்கள். கூடவே நிறுவனத்தின் முத்திரை போட்ட லேப்டாப் பை ஒன்று. வேலைக்குச் சேரும்போது எல்லோருக்கும் கொடுக்கிற அதே பை. சேர்ந்த அன்று வாங்கியது என் நாற்காலியில் தொங்கிக்கொண்டிருந்தது.

பையையும் பெயரையும்கூட விட்டுவிடலாம். எச்.ஆர். பிரிவில் ஆள் குறைவு, மாதாமாதம் இது ஒரு வேலை, எங்கேயோ தப்பு நடக்கும். எனக்கு உறுத்தியது அந்த வாசகம். ராத்திரி வரை நாங்கள் உட்கார்ந்திருந்ததே காரணம் தெரியாததால்தான். காரணம் தெரிந்த அன்று எல்லோரும் நேரத்தோடு வீட்டுக்குப் போனோம். அவர்கள் பாராட்டியது எங்கள் தவிப்பை. தீர்வு அவர்கள் கண்ணிலேயே படவில்லை.

இது எனக்கு மட்டும் நடந்த கூத்து இல்லை. 1975-லேயே ஸ்டீவன் கெர் என்ற மேலாண்மை ஆய்வாளர் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நிறுவனங்கள் எதிர்பார்ப்பது ஒன்று, பரிசு கொடுப்பது வேறொன்றுக்கு. அப்புறம் எதிர்பார்த்தது ஏன் நடக்கவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வது. நேரம் கழித்து வீட்டுக்குப் போவதற்குப் பரிசு கொடுத்தால் ஊழியர்கள் எதைக் கற்றுக்கொள்வார்கள்? எங்கள் பிரிவில் அடுத்த சில வாரம், வேலை முடிந்த பிறகும் சிலர் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன்.

வருகைப் பரிசுகளை வைத்தும் ஆய்வு நடந்திருக்கிறது. டிமதி கப்ளர், இயன் லார்கின், லமார் பியர்ஸ் ஆகிய மூவர், துணி வெளுக்கும் தொழிற்சாலைகளை வைத்திருந்த ஒரு அமெரிக்க நிறுவனத்தின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். அதில் ஒரு தொழிற்சாலை மட்டும், மாதம் முழுக்கத் தாமதமில்லாமல் வந்தவர்களைப் பாராட்டி, குலுக்கலில் அன்பளிப்பு அட்டை கொடுக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. பரிசு கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்வரை நேரத்துக்கு வந்தார்கள். ஒருநாள் தவறித் தகுதி போய்விட்டால் பழையபடி தாமதம். அதைவிட முக்கியமான விஷயம், எந்தப் பரிசும் இல்லாத காலத்திலேயே ஒழுங்காக வந்து ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தவர்களின் வேலைத்திறன் குறைந்தது. இத்தனை நாள் தானாகச் செய்ததை யாரும் கவனிக்கவில்லை, இப்போது மற்றவர்கள் செய்தால் மட்டும் மேளதாளமா என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காதா? 2016-இல் வெளியான ஆய்வு இது. நிறையப் பேர் படித்திருக்க வேண்டியது. படித்தவர்கள் மாதிரி தெரியவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. "பொருள் எதற்கு, பணமாகக் கொடுத்துவிட வேண்டியதுதானே" என்பார்கள். நானும் அப்படி நினைத்தவர்தான். ஆனால் ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் நடந்த சோதனை கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. செபாஸ்டியன் குபே, மிஷெல் மரேஷால், கிளெமென்ஸ் புப்பே ஆகியோர் செய்து 2012-இல் வெளியிட்டது. நூல் பட்டியல் தயாரிக்கும் சில மணிநேர வேலைக்கு ஆட்களை எடுத்தார்கள். சிலருக்குப் பேசிய சம்பளத்துக்கு மேல் 7 யூரோ பணம். வேறு சிலருக்கு ஏறக்குறைய அதே விலையுள்ள தெர்மாஸ் பாட்டில், காகிதம் சுற்றி. பணம் வாங்கியவர்களின் வேலை வேகம் 5 சதவீதம் போலத்தான் கூடியது, கணக்கில் சேர்க்கத் தகாத அளவு. பாட்டில் வாங்கியவர்களுடையது கிட்டத்தட்ட 25 சதவீதம். சரி, பாட்டில்தான் அவர்களுக்குப் பிடித்ததோ என்று பார்த்தால், இரண்டில் ஒன்றை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டபோது பெரும்பாலோர் எடுத்தது பணத்தை. அப்போதும் வேகம் பாட்டில் வாங்கியவர்கள் அளவுக்கே கூடியிருந்தது. அதே பணத்தை, நோட்டைச் சட்டை வடிவில் மடித்து, நாணயத்தில் சிரித்த முகம் வரைந்து கொடுத்தபோது இன்னும் கூடியது.

யாரோ உட்கார்ந்து, நமக்காக, கொஞ்ச நேரம் செலவழித்திருக்கிறார்கள் என்பது தெரிந்ததால் வந்த வேகம் அது என்கிறார்கள் ஆய்வாளர்கள். அப்படிப் பார்த்தால் என் சான்றிதழில் போன மாத ஆளின் பெயர் இருந்தது வெறும் அச்சுப்பிழை இல்லை. எவ்வளவு நேரம் செலவழித்தார்கள் என்பதற்கு அதுதான் ரசீது.

இதைப் படித்துவிட்டு எந்த மேனேஜராவது "ஆகா, சம்பள உயர்வுக்குப் பதில் காகிதச் சட்டை மடித்துக் கொடுக்கலாம்" என்று கிளம்பிவிடக் கூடாது. அது ஒருநாள் வேலை, சம்பளம் முன்பே பேசி முடித்தது, இது அதற்கு மேலே எதிர்பாராமல் வந்தது. வருடக்கணக்கில் ஓடுகிற வேலையில் உயர்வை நிறுத்திவிட்டுப் பாட்டில் கொடுத்தால் அந்தப் பாட்டிலையே பார்க்கப் பிடிக்காது.

தொகை மிகச் சின்னதாக இருந்தால் ஒன்றும் கொடுக்காததைவிட மோசம் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. உரி க்னீசி, ஆல்டோ ருஸ்டிகினி இருவரும் 2000-இல் வெளியிட்ட சோதனையில் மாணவர்களுக்கு 50 கேள்விகள் கொடுத்தார்கள். சரியான விடைக்குத் தனிப் பணம் எதுவும் இல்லாதவர்கள் சராசரியாக 28 சரியாகப் போட்டார்கள். விடைக்கு அற்பக் காசு கிடைத்தவர்கள் 23. நல்ல தொகை கிடைத்தவர்கள் 34. காசு என்று ஒன்றைக் காட்டிவிட்டால் மனம் உடனே கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறது. என் உழைப்புக்கு இவ்வளவுதானா என்று.

நிறுவனம் பரிசாகப் புள்ளிகள் கொடுத்து, அவற்றுக்கு ஈடாகப் பொருள் எடுத்துக்கொள்ளச் சொல்கிற ரிவார்டு பாயிண்ட் சமாச்சாரம், நிறையப் பேர் புலம்புவது, அதுவும் இந்த வகைதான். ஒரு தளத்துக்குள் போய், மறந்துபோன பாஸ்வேர்டை மீட்டு, பட்டியலைப் பார்த்தால் கையில் உள்ள பாயிண்டுக்குச் சாவிக்கொத்துதான் வரும். கொஞ்சம் சேர்த்து வைக்கலாம் என்றால் அதற்குள் காலாவதி. யாராவது ஒருவர் அந்தப் பட்டியலை முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் அங்கீகரித்தாரா என்று எனக்கு நெடுநாள் சந்தேகம்.

சரி, நான் என்ன செய்தேன் என்று கேட்டால், முதல் சில நாள் ஒன்றும் செய்யவில்லை. கோபத்தில் பேசினால் "பை போதவில்லையாம்" என்று கதை திரும்பிவிடும். பிறகு மேனேஜருடன் வழக்கமாக நடக்கும் தனிச் சந்திப்பில், மற்ற விஷயமெல்லாம் பேசி முடித்துவிட்டு, அப்ரைசல் என்கிற வருடாந்திர வேலை மதிப்பீட்டை மனதில் வைத்துச் சொன்னேன்: "பாராட்டினதுக்கு நன்றி சார். ஒரு சின்ன விஷயம். நான் லேட்டா உட்கார்ந்தது பெரிசில்ல. அந்தத் தேதி மாறுறதைக் கண்டுபிடிச்சேனே, என் அப்ரைசல்ல அது பதிவாகணும்னு நினைக்கிறேன்."

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "அது நீங்களா? மென்பொருள் கம்பெனிக்காரங்க கண்டுபிடிச்சாங்கன்னு இல்ல நினைச்சேன்!"

எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் அழுகையும்தான். அவர் கெட்டவர் இல்லை. நடந்தது இதுதான்: நான் கண்டுபிடித்ததை டீம் லீடிடம் வாய்மொழியாகச் சொன்னேன், அவர் மென்பொருள் கம்பெனிக்குத் தொலைபேசியில் சொன்னார், அவர்கள் திருத்திவிட்டு "பிழை கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்பட்டது" என்று மேலே மின்னஞ்சல் அனுப்பினார்கள். யார் கண்டறிந்தது என்று அந்த வாக்கியத்தில் இல்லை. மேனேஜர் தன் கண்ணால் பார்த்தது ஒன்றே ஒன்று, இரவில் அவர் கிளம்பும்போதெல்லாம் நான் இருக்கையில் இருந்ததை. அதைத்தான் பாராட்டினார்.

அன்றே என்னிடம் மூன்று நாலு வரி எழுதித் தரச் சொன்னார். என்ன பிழை, எப்படித் தெரிந்தது, அதன் பிறகு புகார் நின்றது, இவ்வளவுதான் எழுதினேன். அப்ரைசல் படிவத்தில் அது அப்படியே ஏறியது. அந்த வருட ரேட்டிங் நன்றாகவே வந்தது, அதற்கு இந்த வரிகள் மட்டுமே காரணமா என்று என்னால் சொல்ல முடியாது. சான்றிதழை மாற்றித் தருவதாகவும் சொன்னார்கள். இன்னும் வரவில்லை, நானும் கேட்கவில்லை.

எல்லா மேனேஜரும் இப்படி என்று சொல்ல மாட்டேன். விஷயம் முழுதாகத் தெரிந்தும், பணம் கொடுக்க மனமில்லாமல் சான்றிதழில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. உங்கள் மேனேஜர் எந்த வகை என்று கண்டுபிடிக்க ஒரு வழிதான் எனக்குத் தெரியும்: செய்ததைத் தெளிவாகச் சொல்லி, அப்ரைசலில் எழுதக் கேட்பது. அறியாதவர் என்றால் உடனே எழுதுவார். "அதான் பரிசு கொடுத்தாச்சே" என்று பதில் வந்தால் அவர் இரண்டாவது வகை. அங்கே அடுத்த பரிசுக்காகக் காத்திருக்க வேண்டாம். பயோடேட்டாவைத் தூசி தட்டலாம்.

திருப்பிக் கொடுப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். கொடுத்தால் பேச்சு முழுக்கப் பொருளைப் பற்றியே போகும், நீங்கள் செய்த வேலை அதற்குள் காணாமல் போய்விடும். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பொருளை ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லாமல், வேலையைப் பற்றி மட்டும் பேசுங்கள். அதுவும் அப்ரைசல் தொடங்குவதற்கு முன்பே பேசுங்கள். ரேட்டிங் பூட்டிய பிறகு எவ்வளவு நல்ல மேனேஜராக இருந்தாலும் "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றுதான் சொல்ல முடியும்.