வேலையில் இருந்துகொண்டே சொந்தமாக எழுதும் மென்பொருள் யாருக்குச் சேரும்? (தென்னாப்பிரிக்கா)

சைடு புராஜெக்ட் என்றால், சம்பள வேலைக்கு வெளியே டெவலப்பர் தானாக உருவாக்கும் செயலி. 1978-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 21, வேலையின் பகுதியாக எழுதியதை முதலாளிக்குத் தருகிறது. அதற்குத்தானே சம்பளம் என்பதே அதன் அடிப்படை.

ஓர் ஒப்புமை: டர்பனில் பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் கறி நிரப்பிய உணவு) விற்கும் கடையின் சமையல்காரர், கடைக்கறிக்காக வீட்டில் அரைத்துப் பார்த்த மசாலா கடையோடு ஒட்டியது. தீபாவளிக்கு அவர் சுட்டு விற்கும் முறுக்கு அவருடையது.

ஆகவே இடமும் நேரமும் மட்டும் தீர்மானிப்பதில்லை. வானிலைச் சேவை ஊழியர் ஒருவர் வேலைக்குப் பயன்பட்ட நிரல்களைப் பெரும்பாலும் வீட்டில்தான் எழுதினார்; வேலைக்கும் நிரலுக்கும் நெருங்கிய தொடர்பு இருந்ததால் 2008-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் உரிமையை முதலாளிக்கே தந்தது. செயலி நிறுவனத்தின் தொழிலையே தொட்டால் கவனம் தேவை.

ஒப்பந்தம் இன்னும் அகலமாக இருக்கலாம். அறிவுசார் சொத்துப் பகுதியை வரிவரியாகப் படியுங்கள். (காப்புரிமையில் பாதுகாப்பு உண்டு: வேலைக்குச் சம்பந்தமில்லாத கண்டுபிடிப்பையும் ஒப்படைக்கச் சொல்லும் நிபந்தனை, காப்புரிமைச் சட்டப் பிரிவு 59-இன்படி செல்லாது.) தொடங்கும் முன்பே, செயலியின் பெயரையும் நோக்கத்தையும் குறிப்பிட்டு, "இதில் நிறுவனத்துக்கு உரிமையில்லை" என்று கையொப்பமிட்ட கடிதம் வாங்குங்கள். பிறகு கேட்டால் பேரம் வரும். சொந்த மடிக்கணினி, கிட்ஹப்பில் (நிரல்களைச் சேமித்துப் பகிரும் இணையதளம்) தனிக் கணக்கு, சொந்தச் செலவில் சர்வர். அலுவலக நிரலிலிருந்து ஒரு பகுதியை நகலெடுத்தாலும் சிக்கல்தான்.

ஓப்பன் சோர்ஸாக, அதாவது யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் அனுமதிக்கும் லைசென்ஸோடு, வெளியிட்டால் உரிமை நம்முடையதாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உரிமை முதலாளியிடம் இருந்தால் அந்த லைசென்ஸைத் தரும் அதிகாரமே உங்களுக்கு இல்லை.