பிரிட்டனில் காரோட்டும்போது போன் பார்ப்பவர்களை சைக்கிள் ஓட்டிகள் போலீஸில் புகார் செய்யலாமா?

செய்யலாம், செய்யவும் வேண்டும் என்பதே என் கருத்து. ஹெல்மெட் கேமராவில் பதிவான வீடியோவை அந்தப் பகுதி போலீஸின் இணையதளத்தில் ஏற்றுவதுதான் இந்தப் புகார். வேல்ஸில் இதற்கு 'ஆபரேஷன் ஸ்னாப்' என்று பெயர். வீடியோவை ஓரிரு நாளிலேயே அனுப்பிவிடுங்கள். தண்டனை வழக்கமாக 200 பவுண்டு அபராதமும் லைசென்ஸில் 6 தண்டனைப் புள்ளிகளும்.

ஏன் இவ்வளவு கடுமை? மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், ஓட்டுநர் போனைப் பார்க்கும் இரண்டு நொடியில் சுமார் 27 மீட்டர் நகர்ந்துவிடும். ஒரு கிரிக்கெட் பிட்சின் நீளமே 20 மீட்டர்தான். அதைவிட அதிக தூரத்தை ஓட்டுநர் கண்ணை மூடிக்கொண்டு கடப்பது போலத்தான் இது. அந்தத் தூரத்துக்குள் முன்னால் ஒரு சைக்கிள் போய்க்கொண்டிருக்கலாம். காருக்குள் இருப்பவரைச் சுற்றி இரும்புக்கூடு இருக்கிறது, சைக்கிளில் போகிறவருக்கு அது கிடையாது.

ஒன்று மட்டும், ஓட்டுநரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். வீடியோ போதும்.

அப்புறம், சிக்னலில் நிற்கும்போது போனைக் கையில் எடுத்தால் தப்பில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே அதுவும் குற்றம்தான், 2022 மார்ச் முதல் கையில் பிடித்துப் படம் எடுப்பதும் பாட்டு மாற்றுவதும்கூட.